பெட் ஆக்குபன்சி (படுக்கை நிரம்பிய விகிதம்) 105.9 சதவீதம் வருகிறது, ஆனால் வார்டில் கட்டில் காலியாக இருக்கிறது. எங்கே தவறு?

மருதாணி (கேள்வி)

வணக்கம். 60 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவு) பிரிவில் நான்கு மாதமாக வேலை பார்க்கிறேன். எனக்கு முன்பு இருந்த அக்கா கல்யாணமாகி வெளியூர் போய்விட்டதால் மாதாந்திரப் புள்ளிவிவர அறிக்கை இப்போது என் பொறுப்பு.

ஜூன் 2025 அறிக்கையை நேற்று எம்.எஸ். (மருத்துவக் கண்காணிப்பாளர்) சாரிடம் கொண்டுபோனேன். முதல் வரியைப் பார்த்ததுமே நிமிர்ந்தார். "ஜூன் முழுக்க ராத்திரி ரவுண்ட்ஸ் போனவன் நான். இரண்டாவது மாடியில் கட்டில் காலியாக இல்லாத நாளே இல்லை. நீ 105.9 சதவீதம் என்கிறாய். அதிகப்படி ஆட்கள் எங்கேம்மா படுத்திருந்தார்கள்?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் செய்தது இதுதான். ஜூனில் டிஸ்சார்ஜ் ஆன எல்லோரையும் சாப்ட்வேரிலிருந்து எக்செல்லுக்கு எடுத்தேன், பிறந்த குழந்தைகளையும் சேர்த்து 352 பேர். ஒவ்வொருவருக்கும் டிஸ்சார்ஜ் தேதியிலிருந்து அட்மிஷன் தேதியைக் கழித்து, ஒன்று கூட்டினேன். மொத்தம் 1,906 நாள். 60 படுக்கை, 30 நாள் என்றால் 1,800. வகுத்தால் 105.9. அதே 1,906-ஐ 352-ஆல் வகுத்துச் சராசரி தங்கும் நாள் 5.41 என்று போட்டேன். அதையும் சார் நம்பவில்லை.

இரவில் அவசரப் பிரிவில் சேர்ந்து, நோட்டில் மட்டும் எழுதப்பட்டிருந்த 5 பேரின் அட்மிஷன் தேதியை நானே தட்டச்சு செய்தேன். அதில் 3 வரிகளில் 'வேல்யூ' பிழை வந்தது. தேதியை '15-ஜூன்' என்பதுபோல மாற்றி அடித்ததும் சரியாகிவிட்டது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்காது என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று: இறப்பு 9. அதில் 4 பேர் வந்து 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள். இறப்பு விகிதம் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். எப்படிப் போடுவது? திங்கட்கிழமைக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும்.

தேனிக்காரன்

அக்கா, 100-ஐத் தாண்டினாலே தவறு என்று இல்லை. கூட்டம் அதிகமாகி வராந்தாவில் கூடுதல் கட்டில் போட்டு, அதை 60-இல் சேர்க்காமல் விட்டால் 110, 120 கூட வரும். உங்களிடம் அப்படி ஏதாவது போட்டார்களா?

மருதாணி

இல்லை தம்பி. ஜூனில் ஒரு நாள்கூட நிரம்பவில்லை.

பழைய பதிவேடு

அம்மா, நான் மருத்துவப் பதிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கூட்டலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. மேலே இருக்கிற எண் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறது, கீழே இருக்கிற எண் வேறொன்றைப் பற்றிச் சொல்கிறது. அங்கேதான் சிக்கல்.

1,800 என்பது ஜூன் மாதத்துக்குள் இருந்த படுக்கை நாட்கள். 1,906 என்பது ஜூனில் வீட்டுக்குப் போனவர்கள் இதுவரை தங்கிய நாட்கள். மார்ச்சில் சேர்ந்து ஜூனில் போனவர் ஏப்ரல், மே மாதத்து நாட்களையும் ஜூன் கணக்கில் இறக்கிவிட்டுப் போவார். ஜூன் 20-இல் சேர்ந்து ஜூலையில் போகிறவரோ ஜூன் கணக்கில் வரவே மாட்டார், அவர் 11 இரவு அங்கேதான் படுத்திருந்தார் என்றாலும்.

இது இன்றைய தவறு இல்லை. 1861 ஏப்ரல் 8 அன்று இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்களின் எண்ணிக்கையைக் கீழே போட்டு, ஒரு வருடம் முழுக்க நடந்த இறப்புகளை மேலே போட்டு, புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் ஓர் அட்டவணை தயாரித்தார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863-இல் வெளியிட்ட நூலில் அது இடம்பெற்றது. லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்றது அட்டவணை. அங்கே போனவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள் என்று அதற்கு அர்த்தமே இல்லை. வருடம் முழுக்க வந்து போனவர்கள் எத்தனையோ பேர், கீழே இருந்ததோ ஒரு நாள் கூட்டம். மருத்துவர்கள் அன்றைக்கே கடுமையாக எதிர்த்தார்கள். அவ்வளவு பெரிய புள்ளியியலாளருக்கே நேர்ந்ததுதான், நீங்கள் மனம் தளர வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. பெட் ஆக்குபன்சிக்கு டிஸ்சார்ஜ் பட்டியலைத் தொடாதீர்கள். நர்சிங் ஆபீசில் தினமும் நள்ளிரவு 12 மணி சென்சஸ் (அந்த நேரத்தில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கை) இருக்கும். 30 இரவுகளையும் கூட்டுங்கள். அன்றே சேர்ந்து அன்றே போனவர்கள் நள்ளிரவு எண்ணிக்கையில் அகப்பட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று அவர்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சராசரி தங்கும் நாளுக்கு டிஸ்சார்ஜ் பட்டியல்தான் சரி. ஆனால் சேர்ந்த நாளை எண்ண வேண்டும், போகிற நாளை எண்ணக் கூடாது. 3-ஆம் தேதி சேர்ந்து 6-ஆம் தேதி போனால் மூன்று நாள். நீங்கள் ஒன்று கூட்டியதால் நான்காகிவிட்டது. அன்றே வந்து அன்றே போனவருக்கு மட்டும் ஒரு நாள். தாயோடு இருக்கும் ஆரோக்கியமான பிறந்த குழந்தைக்கு 60-இல் கட்டில் இல்லை, ஆகவே அதைத் தனிப் பட்டியலாக வையுங்கள். டிஸ்சார்ஜில் இறந்தவர்களும், லாமாவில் (மருத்துவர் சொல்லை மீறித் தாமாகவே) போனவர்களும் சேர்த்தி.

இறப்புக்கு: மொத்த விகிதம் என்றால் 9-ஐ எல்லா டிஸ்சார்ஜாலும் வகுங்கள். நிகர விகிதத்துக்கு அந்த 4 பேரை மேலேயும் கழிக்க வேண்டும், கீழேயும் கழிக்க வேண்டும். மேலே மட்டும் கழித்துவிட்டு விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வார்டு சிஸ்டர்

சென்சஸ் எடுக்கிறவள் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன் மருதாணி. நர்சிங் ஆபீஸ் எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளாதே, ஐ.சி.யு., வார்டு இரண்டின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்.

இரவு பன்னிரண்டுக்கு டார்ச்சோடு கட்டில் கட்டிலாகப் போவோம். ஒரு கட்டிலில் போர்வை மூடி ஆள் படுத்திருக்கும், விலக்கிப் பார்த்தால் அது நோயாளியின் அம்மா. நோயாளி கீழே ஸ்கேன் எடுக்கப் போயிருப்பார். அவரை எண்ண வேண்டும், அம்மாவை எண்ணக் கூடாது. புதிதாக வந்த பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய தொல்லை ஐ.சி.யு.விலிருந்து 11:50-க்கு வார்டுக்கு மாற்றுகிற நோயாளி. ஐ.சி.யு. சிஸ்டர் பத்து மணிக்கே சென்சஸ் எழுதி வைத்திருப்பார், வார்டில் நாங்கள் பன்னிரண்டுக்கு எழுதுவோம். ஒரே ஆள் இரண்டு இடத்தில். ஐ.பி. நம்பரை (உள்நோயாளி எண்) வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மருதாணி (மறுநாள்)

எல்லோருக்கும் நன்றி. நர்சிங் ஆபீசில் முழு ஜூன் ரிப்போர்ட்டையும் வாங்கிவந்து உட்கார்ந்தேன். 30 இரவுகளின் கூட்டுத்தொகை 1,361. சிஸ்டர் சொன்னபடி ஐ.பி. நம்பரை ஒப்பிட்டால், இரண்டு இரவுகளில் இரவுக்கு ஒருவர் ஐ.சி.யு.விலும் வார்டிலும் இருக்கிறார். கழித்தால் 1,359. அன்றே வந்து அன்றே போனவர்கள் 27. ஆக 1,386. 1,800-ஆல் வகுத்தால் 77 சதவீதம். ஒரு நாளுக்குச் சராசரியாக 46 பேர். எம்.எஸ். சார் கண்ணால் பார்த்ததோடு இது பொருந்துகிறது.

குழந்தைகள் 40 பேரை எடுத்த பிறகு டிஸ்சார்ஜ் 312. இறப்பு விகிதம்: மொத்தம் 9-ஐ 312-ஆல் வகுத்தால் 2.88 சதவீதம், நிகரம் 5-ஐ 308-ஆல் வகுத்தால் 1.62 சதவீதம்.

சராசரி தங்கும் நாளில்தான் இன்னும் தயக்கம். ஒன்று கூட்டுவதை நீக்கி, அன்றே போனவர்களுக்கு ஒரு நாள் வைத்தேன். 1,461 நாள் வருகிறது, சராசரி 4.68. பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் மேலே 119 நாள் ஒருவர், 91 நாள் ஒருவர். அதற்கடுத்தவர் 22-தான். இந்த இரண்டு பேரையும் நீக்கிவிடலாமா?

பழைய பதிவேடு

நீக்காதீர்கள் அம்மா. முதலில் இரண்டு பேருடைய கேஸ் ஷீட்டையும் கீழே இறக்குங்கள். எண் விசித்திரமாக இருப்பது நீக்குவதற்கான காரணம் ஆகாது, போய்ப் பார்ப்பதற்கான காரணம். ஒரு மனிதர் மூன்று மாதம் உண்மையிலேயே அங்கே படுத்திருந்தால், அவரைக் கணக்கிலிருந்து அழிக்க நமக்கு உரிமை இல்லை.

தேனிக்காரன்

அக்கா, வரிசையின் அடியையும் பாருங்கள். கழித்தல் குறியோடு ஏதாவது இருக்கிறதா? நீங்கள் சொன்ன அந்த 'வேல்யூ' பிழை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. நீங்கள் 15/06/2025 என்று அடித்தால் பதினைந்தாவது மாதம் கிடையாது, அதனால் எக்செல் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், கழித்தால் பிழை வரும். அது நல்லது, கண்ணில் படுகிறது. ஆனால் 02/06/2025 என்று அடித்தால்? அது பிப்ரவரி 6 என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். திரையில் 2/6/2025 என்றே தெரிவதால் நீங்கள் ஜூன் 2 என்றே படிப்பீர்கள். ஐந்தில் மூன்று பிழை காட்டியது என்றால், மீதி இரண்டையும் பாருங்கள்.

சோதிக்க எளிய வழி: அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து மாதப் பெயர் முழுதாகத் தெரியும்படி மாற்றுங்கள். இன்னொரு அடையாளம், எழுத்தாக நிற்பது கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டியிருக்கும், உண்மையான தேதி வலது ஓரத்தில் இருக்கும்.

மருதாணி

தம்பி, கை நடுங்கிவிட்டது. அடியில் மைனஸ் 56 என்று ஒருவர் இருக்கிறார். இவ்வளவு நாளும் கூட்டலுக்குள் போய் மறைந்திருந்திருக்கிறார், நான் கீழே நகர்த்திப் பார்க்கவே இல்லை.

119 நாள் என்று வந்தவர் ஜூன் 2 இரவு சேர்ந்து ஜூன் 5 போனவர், வயிற்றுப்போக்கு. எக்செல் அவரைப் பிப்ரவரி 6-இல் சேர்த்துவிட்டது. மைனஸ் 56 வந்தவர் ஜூன் 8-இல் சேர்ந்து ஜூன் 11 போனவர், அவரை ஆகஸ்ட் 6-இல் சேர்த்திருக்கிறது. இரண்டு பேருக்கும் மூன்று மூன்று நாள்தான். திருத்தியதும் 1,404. 312-ஆல் வகுத்தால் சரியாக 4.5.

91 நாள்காரர் உண்மை. கேஸ் ஷீட் இரண்டு கட்டாகக் கட்டி வைத்திருந்தது. பைக் விபத்து, தலைக்காயம், மார்ச் 10-இல் சேர்ந்து ஜூன் 9-இல் வீட்டுக்குப் போயிருக்கிறார். பழைய பதிவேடு ஐயா முதலில் சொன்னது இப்போதுதான் முழுதாக விளங்கியது: 91 நாளில் ஜூன் மாதத்து இரவுகள் 8-தான், மீதி 83-ஐயும் நான் ஜூன் படுக்கைமேல் ஏற்றியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் பிசியோதெரபி குறிப்பு, "துணையுடன் 10 அடி நடந்தார்" என்று. அதைப் படித்த பிறகு அவரை நீக்கலாமா என்று கேட்டதற்கே வருத்தமாக இருந்தது.

பழைய பதிவேடு

ரொம்ப நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இனி அறிக்கையில் சராசரி 4.5 என்று எழுதி, பக்கத்தில் இடைநிலை அளவையும் எழுதுங்கள். 312 பேரையும் தங்கிய நாள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் நாள் அது. இரட்டைப்படை என்பதால் 156-ஆவது, 157-ஆவது இருவரின் சராசரி. எக்செல்லில் 'மீடியன்' சூத்திரமே இருக்கிறது. தங்கும் நாட்கள் எப்போதும் ஒரு பக்கம் வால் நீண்டிருக்கும், ஒரே ஒருவர் சராசரியை இழுத்துக்கொண்டு போவார். நடுவில் நிற்பவரை அவரால் அசைக்க முடியாது.

மருதாணி

இடைநிலை அளவு 3. 91 நாள்காரர் இல்லாமல் சும்மா போட்டுப் பார்த்தேன், சராசரி 4.22 ஆகிறது, இடைநிலை அளவு 3-லேயே நிற்கிறது. எம்.எஸ். சார் "இங்கே பாதிப் பேர் மூன்று நாளில் போய்விடுவார்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் மனதில் இருந்தது இதுதான். இரண்டையும் எழுதி, 91 நாள் ஒருவர் இருப்பதை அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட்டேன்.

வார்டு சிஸ்டர்

மே மாத அறிக்கையும் நீ கொடுத்ததுதானே? அதே சூத்திரமா?

மருதாணி

ஆமாம் அக்கா. மேயில் 97 சதவீதம் என்று கொடுத்தேன், நூறுக்குள் இருந்ததால் யாரும் கேட்கவில்லை. அதுவும் தவறாகத்தான் இருக்கும். சாரிடம் இன்று நானே சொல்லிவிட்டேன். திருத்திய ஜூனோடு மே, ஏப்ரல் இரண்டையும் சேர்த்துக் கொடு என்றார். கணினியில் தேதி அமைப்பை மாற்றியாகிவிட்டது. ஐ.சி.யு. சிஸ்டரிடம் பேசி, இன்று இரவிலிருந்து அவர்களும் பன்னிரண்டு மணிக்கே சென்சஸ் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மே மாத நர்சிங் ரிப்போர்ட்டை வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன், மே 1 இரவிலிருந்து ஐ.பி. நம்பரை ஒப்பிட ஆரம்பிக்கிறேன்.