மறு: செயலி குழப்பம் – பிராசசருக்குச் ‘செயலாக்கி’ என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

கைபேசியில் நாம் நிறுவுகிற ஆப்புக்கும், கைபேசியையே இயக்குகிற பிராசசருக்கும் தமிழில் செயலி என்ற ஒரே சொல்லை எழுதுகிறோமே, பிராசசருக்கு வேறு சொல் வேண்டாமா என்று நம் கலைச்சொல் குழுவில் கேட்டிருந்தேன். மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நேற்று இரவு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். பிராசசருக்கு ஏழெட்டுச் சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், இந்தப் பேச்சை நான் ஏன் தொடங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் மடலில் அதை எழுதாமல் விட்டது தவறு.

2023 அக்டோபர் 4-ஆம் தேதி நியூயார்க்கில் கூகுள் பிக்சல் 8, பிக்சல் 8 ப்ரோ கைபேசிகள் இரண்டையும் வெளியிட்டார்கள். 12-ஆம் தேதி இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகன், அம்மாவுக்கென்று பிக்சல் 8 வாங்கி அனுப்பிவிட்டான். அப்போது விலை 75,999 ரூபாய். சித்திக்குப் பயம் வந்துவிட்டது. "இவ்வளவு காசு குடுத்து வாங்கியிருக்கானே, இதுல என்னதான் இருக்குன்னு தமிழ்ல எழுதிக் குடு" என்றார். நானும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். திரை 6.2 அங்குலம். செயலி டென்சர் ஜி3. நினைவகம் 8 ஜிபி. சேமிப்பகம் 128 ஜிபி. மின்கலம் 4575 மில்லி ஆம்பியர் மணி. முதன்மைக் கேமரா 50 மெகாபிக்சல்.

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். இரண்டாவது வரியில் விரல் நின்றது. "இந்தச் செயலி எனக்கு எதுக்குடா? வேண்டாம்னா எடுத்துரலாம்ல? சும்மா இடத்தை அடைக்கும்."

பழைய கைபேசியில் இடம் போதாமல் ஒவ்வொரு செயலியாக நீக்கிப் பழகியவர் அவர். அவர் தமிழைச் சரியாகத்தான் படித்தார். நான்தான் தப்பாக எழுதியிருந்தேன். வேண்டாமென்றால் எடுத்துவிடக்கூடியதற்கும், எடுத்தால் கைபேசியே இல்லாமல் போய்விடக்கூடியதற்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம். அன்றிலிருந்து எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குழுவின் மூத்த அன்பர் ஒருவர், செயலி என்பது முதலில் பிராசசருக்கு வைத்த சொல், ஆப்புக்காரர்கள்தான் அதை எடுத்துக்கொண்டார்கள், நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். ஐயா, வரலாறு நீங்கள் சொல்வதுதான். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மைக்ரோபிராசசர் நுண்செயலி என்றே இருக்கிறது. 1971-இல் வந்த இன்டெல் 4004-லிருந்து கதையைத் தொடங்கும் எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் அந்தச் சொல் வரும். ஆனால் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர்? கணினி அறிவியலைப் பாடமாக எடுத்த மாணவர்களும் நம்மைப் போன்றவர்களும்தான்.

செயலியை ஊரே பேசத் தொடங்கியது 2020-இல். ஏப்ரலில் ஆரோக்கிய சேது வந்தது. அதை நிறுவியிருக்கிறீர்களா என்று ரயில் நிலையத்தில் கேட்டார்கள், அலுவலக வாசலில் கேட்டார்கள். ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. மறுநாள் எந்தச் செய்தியைத் திறந்தாலும் அந்தச் சொல்தான். அதற்கு முன்பே தமிழ்நாடு காவல்துறையின் காவலன் செயலி இருந்தது. ஒரு கலைச்சொல் இப்படிச் சித்தி வாய்க்கு வந்து சேர்வது நம் குழுவின் வாழ்நாளில் எத்தனை முறை நடந்திருக்கிறது? தொடுதிரை வந்தது, கடவுச்சொல் வந்தது, மின்னஞ்சல் வந்தது. அந்த வரிசையில் செயலியும் சேர்ந்துவிட்டது. அதைத் திரும்ப வாங்க முயல்வது வீண்வேலை. ஆப்புக்கே அது இருக்கட்டும். வேறு சொல் வேண்டியது பிராசசருக்குத்தான்.

இனி வந்த சொற்களைப் பார்ப்போம்.

நுண்செயலி என்றே முழுதாகச் சொல்லிவிட்டால் போதுமே என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். பத்து வருடத்துக்கு முன்னால் போதுமானதாக இருந்திருக்கும். இன்றைக்குச் செயலி என்றால் ஆப் என்று பழகிய காதில், நுண்செயலி என்றால் சின்ன ஆப் என்றுதான் விழும். ஆப்பைக் குறுஞ்செயலி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். குறுஞ்செயலியும் நுண்செயலியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், எது வன்பொருள், எது நிரல் என்று யார் கண்டுபிடிப்பார்கள்?

மையச் செயலகம் பாடநூலில் சிபியுவுக்கு, அதாவது கணினியின் மையப் பிராசசருக்கு, இருக்கிறது. ஆனால் செயலகம் என்றால் தமிழ்நாட்டுக்காரர் எவருக்கும் கோட்டைதான் நினைவுக்கு வரும். கைபேசியில் எத்தனை செயலகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

கோலாலம்பூர் நண்பர், சிப் என்பதற்கான சில்லு என்ற சொல்லோடு சுருக்கமாக முடித்துவிடலாம் என்றார். சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். தேங்காய்ச் சில்லு, ஓட்டுச் சில்லு என்று சின்ன வயதிலிருந்து வாயில் இருக்கும் சொல். ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் உடனே சொன்னபடி, அங்கே சில்லு என்றால் சைக்கிள் சக்கரம். அதுகூடப் பரவாயில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நினைவகமும் ஒரு சில்லுதான், கைபேசியின் பாதுகாப்புக்கென்று தனியாக இருக்கும் டைட்டன் எம்2-வும் ஒரு சில்லுதான். சில்லு என்பது பொருளின் பெயர், நாம் தேடுவது அது செய்யும் வேலையின் பெயர்.

இலங்கைப் பாடநூல்களில் உள்ள முறைவழியாக்கியை நான் கொஞ்சம் அதிக நேரம் யோசித்தேன். நல்ல சொல். ஒரு முறைவழியில் தரவைச் செலுத்தி வேறொன்றாக ஆக்குவது என்ற பொருள் அதில் முழுதாக இருக்கிறது. குறை நீளம் மட்டும்தான். தனியாக நிற்கும்போது சரி. வரைகலை முறைவழியாக்கி, பிம்ப முறைவழியாக்கி என்று கைபேசித் திரையின் ஒரு பத்தியில் எழுதிப் பாருங்கள், வரி உடைந்து அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. என் கைபேசியில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துச் சோதித்தேன், மூன்று வரி ஆனது. சித்தி போன்றவர்கள் எழுத்தைப் பெரிதாகத்தான் வைத்திருப்பார்கள்.

ஆனால் அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது. அதன் கடைசியில் இருக்கும் ‘ஆக்கி’யைப் பாருங்கள். பிராசசிங் என்பதற்குத் தமிழ்நாட்டில் செயலாக்கம் நன்றாக நிலைத்துவிட்டது. தரவுச் செயலாக்கம், படச் செயலாக்கம், இயற்கை மொழிச் செயலாக்கம் என்று எல்லாத் துறையிலும் எழுதுகிறோம். செயலாக்கம் செய்வது செயலாக்கி. புதிதாகப் படைக்க எதுவுமே இல்லை, வீட்டில் இருந்த சொல்லையே எடுத்து வைக்கிறோம். இங்கொன்றும் அங்கொன்றுமாக இதை ஏற்கெனவே எழுதுகிறவர்களும் உண்டு. அதனால் இதை என் சொல் என்று சொல்ல வரவில்லை, குழுவாக உறுதி செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். முறைவழியாக்கி, செயலாக்கி இரண்டுக்கும் முடிவு ஒன்று என்பதால், இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒருவர் நூலை ஒருவர் எடுத்தால் திகைக்க மாட்டார்கள்.

எதிர்ப்பு எங்கே வரும் என்பதும் தெரியும்.

செயலாக்கி என்றால் செயலியை ஆக்குகிறவர், அதாவது ஆப் எழுதுகிறவர் என்று படிக்க மாட்டார்களா? இலக்கணப்படி வராது. செயல் என்பதோடு ஆக்கி சேர்ந்தால் லகர மெய்யின் மேல் உயிர் ஏறிச் செயலாக்கி. செயலி என்பதோடு ஆக்கி சேர்ந்தால் இடையில் யகரம் வந்தே தீரும், செயலியாக்கி என்றுதான் ஆகும். ஒரே ஒரு எழுத்துதான், ஆனால் தெளிவான வேறுபாடு. ஆப் எழுதுகிறவரை எல்லோரும் செயலி உருவாக்குநர் என்று சொல்லிப் பழகியும் விட்டார்கள்.

திட்டத்தைச் செயலாக்கிக் காட்டினார் என்ற வினையெச்சத்தோடு குழம்பாதா? உலாவி (பிரவுசர்), வருடி (ஸ்கேனர்) எல்லாமே வினையெச்சமாகவும் வரும் சொற்கள்தான். தோட்டத்தில் உலாவி வந்தான் என்பதைப் படித்து யாரும் பிரவுசரை நினைப்பதில்லை.

சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறை என்று அரசிலேயே இருக்கிறதே என்பது கொஞ்சம் கனமான கேள்வி. அங்கே செயலாக்கம் என்றால் நடைமுறைக்குக் கொண்டுவருதல். இந்த இரட்டைப் பொருள் செயலாக்கத்துக்கு இருக்கத்தான் செய்கிறது. அதை இன்று நம்மால் தீர்க்க முடியாது. ஆனால் அந்தத் துறையின் அலுவலர் எவரையும் செயலாக்கி என்று அழைப்பதில்லை. கருவிப் பெயர் இன்னும் காலியாகவே இருக்கிறது.

ஒரு சொல்லுக்கு உண்மையான சோதனை அது குட்டி போடுமா என்பதுதான். டென்சர் ஜி3-ஐயே எடுத்துக்கொள்வோம். ஒரே சில்லுக்குள் பலவகைச் செயலாக்கிகள் இருக்கின்றன. பொது வேலைக்கான மையச் செயலாக்கியில் 9 கருக்கள் (கோர்கள்). மிக வேகமானது ஒன்று, நடுத்தரம் நான்கு, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவு செய்வது நான்கு. விளையாட்டுக் காட்சிகளுக்கு வரைகலைச் செயலாக்கி. கேமராவிலிருந்து வருவதைக் கவனிக்கப் படச் செயலாக்கி. செயற்கை நுண்ணறிவு வேலைக்குக் கூகுள் டிபியு என்று அழைக்கிற தனிச் செயலாக்கி. எந்த இடத்திலும் சொல் முரண்டு பிடிக்கவில்லை.

அப்புறம் இந்த வாக்கியத்தைப் பாருங்கள். கைபேசி சூடானால் வரும் எச்சரிக்கை இது: "இந்தச் செயலி உங்கள் செயலியை அளவுக்கு மேல் பயன்படுத்துகிறது." பழைய முறையில் இப்படித்தான் எழுத முடியும். "இந்தச் செயலி உங்கள் செயலாக்கியை அளவுக்கு மேல் பயன்படுத்துகிறது" என்றால் எதை மூடுவது, எதைத் தொடக் கூடாது என்பது புரிந்துவிடும்.

சொல் வேறுபாடு வாங்குகிறவருக்கு எதற்கு என்று கேட்டவருக்கு ஒன்று. ப்ரோ வகைக்கு வந்த, காணொளியை மெருகேற்றுகிற வீடியோ பூஸ்ட் வசதியில், நாம் எடுத்த காணொளி கூகுளின் தரவு மையத்துக்குப் போய் அங்கேதான் செயலாக்கம் ஆகித் திரும்புகிறது. குழுவாக எடுத்த பல படங்களிலிருந்து ஒவ்வொருவரின் நல்ல முகத்தை எடுத்துச் சேர்க்கிற பெஸ்ட் டேக்குக்கோ கைபேசியின் சொந்தச் செயலாக்கியே போதும். நம் வீட்டுப் படம் வீட்டைவிட்டு வெளியே போகிறதா இல்லையா என்பது இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் சொல்ல முடியும். காசு கொடுப்பவருக்கு இது தெரிய வேண்டும், தமிழிலேயே தெரிய வேண்டும்.

அதே தாளில் இன்னொரு மோதலும் இருந்தது, அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரையின் புதுப்பிப்பு வீதம் 120 ஹெர்ட்ஸ் என்று ஒரு வரி. 7 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு உண்டு என்று இன்னொரு வரி. ஒன்று திரை நொடிக்கு 120 முறை வரைவது, மற்றது இயங்குதளமும் பாதுகாப்பும் 2030 வரை புதிதாக வந்துகொண்டிருப்பது. இரண்டாவதற்கு இற்றைப்படுத்தல் ஏற்கெனவே இருக்கிறது. இற்றை என்றால் இன்றைய என்பது மார்கழியில் பாடுகிறவர்களுக்குத் தெரிந்த பொருள்தான். அதையே உறுதியாகப் பிடித்துக்கொண்டால் திரைக்குப் புதுப்பிப்பை விட்டுவிடலாம். திரைத்துடிப்பு என்று ஒருவர் சொன்னது அழகாக இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை. பல ஓஎல்இடி திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க நொடிக்குச் சில நூறு முறை அணைந்து எரிகின்றன. கண்ணை உறுத்துகிற அந்த மினுக்கத்தைத்தான் துடிப்பு என்று நினைத்துக்கொள்வார்கள்.

சொற்செயலியை (வேர்ட் பிராசசர்) தொட வேண்டாம் என்பது என் எண்ணம். அது பிராசசரிலிருந்து வந்த பெயர் என்றாலும், இன்று அது ஒரு செயலியாகவே இருக்கிறது.

நான் முடிவுக்கு வராத ஒன்று மிச்சம் இருக்கிறது. இத்தனை செயலாக்கிகளையும் சேர்த்து வைத்திருக்கும் அந்த முழுச் சில்லுக்கு, கடைக்காரர்கள் சிப்செட் என்று சொல்வதற்கு, என்ன பெயர்? ஒருங்குசில்லு என்று எழுதிப் பார்த்தேன். வாயில் நன்றாக வருகிறது. ஆனால் அதே யாழ்ப்பாணத்து நண்பருக்கு இது சேர்ந்து உருளும் சக்கரமாகத் தோன்றுமா? யாழ்ப்பாணத்து அண்ணா, வீட்டில் பிள்ளைகளிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள். அதுவரை சித்தியின் தாளில் அந்த வரியைச் ‘செயலாக்கி: டென்சர் ஜி3’ என்று அடித்துத் திருத்தி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து