கிளிநொச்சியில் முதல் சிறுகதைத் தொகுப்பு: ஆயிரம் பிரதி அடிக்கலாமா?

பரந்தன்சந்தி:
வணக்கம். பதினொரு சிறுகதை, மொத்தம் 30,000 சொல். போனில் யுனிகோட்டில் அடிச்சு வேர்ட் கோப்பாக வைச்சிருக்கிறன். "500க்கும் 1000க்கும் பெரிய வித்தியாசம் வராது, ஆயிரமாவே அடியுங்கோ" எண்டு அச்சகத்தில் சொல்லுகினம். கதைக்குள்ளை ஆக்கள் வன்னிப் பேச்சில்தான் கதைக்கினம், அதை அப்படியே விடலாமா? வெளியீட்டை எந்த மாதம் வைக்கிறது? அமேசன் கிண்டிலிலும் மின்நூலாய்ப் போட விருப்பம். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

மைதடவி:
அச்சகம் சொல்வதில் கணக்குப் பிழை இல்லை. பிளேற் செய்து அடிக்கும் ஓவ்செற் அச்சில் அந்தப் பிளேற்றின் செலவும் மெசினைத் தயார்படுத்தும் கூலியும் எத்தனை அடித்தாலும் ஒன்றுதான். பிறகு கூடுவது தாளும் பைண்டிங்கும் மட்டும். அதனால் ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். ஆனால் விற்காத 600 பிரதி யார் தலையில்? அலுமாரிக்கு மேலே கிடந்து மாரியில் ஈரம் குடிக்கும், மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். முதல் புத்தகத்துக்கு 300 போதும். அந்த எண்ணிக்கைக்குப் பிளேற் இல்லாமல் அடிக்கும் டிஜிற்றல் விலை, ஓவ்செற் விலை இரண்டையும் எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள். கடைசிக் கோப்பை உங்கள் கையில் வாங்கி வைத்தால் மறுபதிப்பு எப்போதும் அடிக்கலாம்.

பக்கக் கணக்கு: டெமி அளவு (5.5 × 8.5 அங்குலம்), 11 புள்ளி எழுத்து என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 210 சொல் பிடிக்கும். கதைக்கு 143 பக்கம், முன்பக்கங்களும் கதைத் தொடக்கத்து வெற்றிடங்களும் சேர 160க்குள் அடக்கலாம். ஒரு போம் (ஒன்றாக அடித்து மடிக்கும் தாள்) 16 பக்கம், ஆகவே சரியாகப் பத்துப் போம். 163 வந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு போமின் செலவு. வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை என்று அடுக்குகிற எங்கள் பழக்கம்தான் அநேகமாக அந்த மூன்று பக்கத்தைக் கொண்டுவருவது.

பக்க எண்ணிக்கை முடிவாகாமல் அட்டையை வடிவமைக்கக் கொடுக்க வேண்டாம். 80 கிராம் தாளில் 160 பக்கத்துக்கு முதுகு 8 மில்லிமீற்றர் அளவில் வரும். முந்தியே செய்த அட்டையில் முதுகில் இருக்கவேண்டிய தலைப்பு முன்பக்கத்துக்கு வழுக்கிவிடும். புத்தகம் 210 கிராம் அளவில் நிறுக்கும். வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணினால் தபால் கட்டணத்தை இந்த நிறைக்குக் கேட்டுப் பாருங்கள்.

ஒற்றெழுத்து:
டைப்செற் செய்பவர் பாமினி எண்ட, யுனிகோட் இல்லாத பழைய எழுத்துருவைப் பாவிக்கிறாரா எண்டு முதல் நாளே கேளுங்கோ. பாமினியில் காற்புள்ளி விசையில் இருக்கிறது இ. யுனிகோட் கோப்பைக் கவனமில்லாமல் மாத்தினால் "அரிசி, பருப்பு, தேங்காய்" எண்டது "அரிசிஇ பருப்புஇ தேங்காய்" எண்டு வந்து நிக்கும். இடையில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் அர்த்தமில்லாத தமிழெழுத்தாய்ப் போகும். யுனிகோட்டிலேயே, இன்டிசைன் எண்ட பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்யச் சொல்லுங்கோ. அதில் வேர்ல்ட்ரெடி கம்போசர் எண்ட அமைப்பைத் தெரிவுசெய்யாட்டில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். பிழை பாக்கிற புரூவைத் தாளில் எடுத்துத்தான் பாக்கவேணும், திரையில் ற-ர, ண-ன பிழை கண்ணில் படாது.

பேச்சுமொழியைத் தாராளமாய் விடுங்கோ. குழப்பம் மொழியில் இல்லை, எழுத்துக்கூட்டலில். ஒரு கதையில் "வாறன்", மற்றதில் "வாறேன்". ஒரு இடத்தில் "எண்டு", இன்னொரு இடத்தில் "என்டு" எண்டால் வாசிக்கிற ஆளுக்கு அச்சுப்பிழை மாதிரி இருக்கும். ஒரு தாளில் இப்பிடிச் சொல் முப்பது நாப்பதை எழுதி, ஒவ்வொண்டுக்கும் ஒரே வடிவத்தை முடிவெடுத்து, வேர்டில் தேடித் திருத்துங்கோ. வட்டாரச் சொல்லுக்கு அடிக்குறிப்பு வேண்டாம். "அலியன் வந்திட்டுது" எண்டு ஒருத்தர் கத்த, அடுத்த வரியில் வாழை முறியிற சத்தம் கேட்டால் கொழும்பில் இருந்து வாசிக்கிறவருக்கும் அது யானை எண்டு விளங்கும்.

வேலியோரம்:
பங்குனியில் வையுங்கள். காலபோக நெல் அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நேரம். கார்த்திகை, மார்கழி மழை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், பிறகு நல்லூர்க் கோயில் திருவிழா 25 நாள், ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா. அந்த நாட்களோடு மோதினால் கதிரைதான் மிஞ்சும்.

எங்கள் பக்கம் புத்தகம் அதிகம் விற்பது வெளியீட்டு மேடையில்தான், கடையில் அல்ல. முதற்பிரதி, சிறப்புப் பிரதி பெறுபவர்களிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். காசு வைத்துத் தரும் என்வலப்பை வாங்கவும் பெயர் எழுதவும் வாசலில் ஒருவர், மேசையில் சில்லறையோடு இன்னொருவர். உரைகள் இரண்டு மணித்தியாலம் இழுத்தால் ஏற்புரைக்கு முன்பே சனம் பஸ்ஸுக்குப் போய்விடும். ஆகவே பிரதி வழங்குவதை ஆய்வுரைக்கு முன் வையுங்கள்.

விலை: அடக்கம் 400 ரூபா, கடைக் கழிவு 35 வீதம் என்று வையுங்கள். 600 போட்டால் கைக்கு 390, பிரதிக்குப் பத்து ரூபா நட்டம். 800 போட்டால் 520. கடைக்கு முதலில் பத்துப் பிரதி போதும். சிட்டை இரண்டு எழுதி ஒன்றைக் கையொப்பத்தோடு வாங்குங்கள், பிறகு கணக்குக் கேட்க அது மட்டும்தான் துணை. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலக்கத்தைக் கொழும்பு 7 தேசிய நூலகத்தில், அச்சுக்குப் போகமுன் விண்ணப்பித்து எடுக்க வேண்டும்.

மைதடவி:
கிண்டில் பற்றி ஒன்று. தமிழ் மின்நூலை ஏற்கிறார்கள். பீடிஎவ் ஏற்றாமல் ஈபப் அல்லது வேர்ட் கோப்பாகக் கொடுங்கள். கிண்டிலில் நூல் ஏற்றும் கேடிபி தளத்தின் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு அதன் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக்கூடாது, இலவசமாகவும் கூடாது. ஈழத்து நூல்களை இணையத்தில் இலவசமாக வைக்கும் 'நூலகம்' தளத்தில் ஆவணப்படுத்தக் கொடுக்க எண்ணமிருந்தால் செலக்ட்டில் சேராமல் போடுங்கள்.

பரந்தன்சந்தி:
நன்றி. 300தான். ஆனால் அணிந்துரைக்கு ரெண்டு வாத்தியாரிட்டைக் கேட்டிட்டன். இப்ப எப்பிடி வேண்டாம் எண்டுறது?

ஒற்றெழுத்து:
பின்னட்டைக்கு ஆளுக்கு நாலு வரி கேளுங்கோ. கோவிச்சால் மேடையில் பேச விடுங்கோ, பத்து நிமிசம்.

வேலியோரம்:
பத்து நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சடித்து.