நம் வீடு குழு: டென்னசியில் ஒரு ஓட்டு

அக்கா: அங்கே விடிந்திருக்கும். இன்று டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில் சட்டமன்றக் கட்டடத்தைப் பார்த்தோம். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை 1920 ஆகஸ்ட் 18 அன்று இங்கேதான் முடிவானது.

சித்தப்பா: நாடு முழுவதற்குமான சட்டம் ஆயிற்றே, வாஷிங்டனில் இல்லையா?

அக்கா: இது அரசியலமைப்புத் திருத்தம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றினாலும் அப்போதிருந்த 48 மாநிலங்களில் 36 ஒப்புதல் தர வேண்டும் சித்தப்பா. 35 தந்துவிட்டன. மிச்சம் ஒன்றுதான். ஆதரித்தவர்கள் கோட்டில் மஞ்சள் ரோஜா, எதிர்த்தவர்கள் சிவப்பு.

நான்: கிடப்பில் போடும் தீர்மானம் 48க்கு 48 என்று சமமாகி நின்றதே, அதுதானே?

அக்கா: அதேதான்டா. ஹாரி பர்ன் என்ற உறுப்பினர் சிவப்பு ரோஜா குத்தியிருந்தார். வயது 24, அவையிலேயே இளையவர். கிடப்பில் போடத்தான் ஓட்டளித்தார். ஆனால் திருத்தத்தின் மீதே வாக்கெடுப்பு வந்தபோது ஆதரவு என்றுவிட்டார். அவருடைய அம்மா ஃபெப் பர்ன் எழுதிய கடிதம் கையில் இருந்தது. ஊர்ச் சேதி, வீட்டுச் சேதிக்கு நடுவே, பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைக்க ஆதரவு கொடு என்று எழுதியிருந்தார்.

அம்மா: படிக்கும்போதே கண் கலங்குகிறது. பிள்ளை கேட்டானே! பேரனுக்குச் சளி விட்டதா?

அக்கா: விட்டது அம்மா. மறுநாள் அவையிலேயே ஹாரி, அம்மா சொல்வதைக் கேட்பதுதான் பிள்ளைக்கு நல்லது என்று காரணம் சொன்னாராம்.

நான்: ஆனால் தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் பெரும்பாலோருக்கு 1965 வாக்குரிமைச் சட்டம் வரும்வரை ஓட்டு ஏட்டளவில்தான். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லு அக்கா.

சித்தப்பா: மெம்பிஸும் அந்த மாநிலம்தானே? மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஊர்.

அக்கா: ஆமாம், 1968 ஏப்ரல் 4. அவர் அங்கே போனதே துப்புரவுத் தொழிலாளர்களுக்காக. பிப்ரவரியில் மழைக்குக் குப்பை லாரியின் பின்பக்கம் ஒதுங்கிய இருவரை, குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென ஓடி நசுக்கிவிட்டது. சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்று அட்டை பிடித்து நடந்தார்கள்.

சித்தப்பா: கடவுளே. கோரிக்கை ஜெயித்ததா?

அக்கா: ஏப்ரல் 16 அன்று நகராட்சி இறங்கிவந்தது. சங்கத்துக்கு அங்கீகாரம், கூலி உயர்வு இரண்டும் கிடைத்தன. கிங் போன பிறகு.

நான்: அந்த இருவர் பெயர் எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர். கிங் பெயரோடு இவர்கள் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அம்மா: கடிதம் எழுதிய அந்த ஹாரியின் தாய்க்கு ஒரு சிலையாவது வைத்தார்களா?

அக்கா: நாக்ஸ்வில்லில் தாயும் மகனுமாகச் சிலை இருக்கிறது அம்மா. அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகிறோம், படம் எடுத்து அனுப்புகிறேன்.