7 கிலோல திருச்சி கல்யாணத்துக்குப் போக முடியுமா?

மலேசியா சுங்கை சிப்புட்லேர்ந்து கேக்குறேன். மாமா மவ கல்யாணம், 5 நாள், ஏர்ஏசியா ஃப்ளைட் டிக்கெட், தனியா காசு கட்டி லக்கேஜ் வாங்கல, கையில கொண்டு போற 7 கிலோ மட்டுந்தான். ரெண்டு பட்டுச்சேலை, அம்மா கிண்டுன சம்பல், அதான் மிளகாய்த் தொக்கு, வேற இருக்கு.

பதில் 1: தங்கச்சி, 7 கிலோங்கறது கைப்பையும் சேத்துத்தான், பெரிய பேக் 56க்கு 36க்கு 23 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது. சக்கரம் வெச்ச பேக் காலியாவே மூணு கிலோ இழுத்துரும், துணி பேக் எடுங்க, வீட்லயே நிறுத்துப் பாத்துருங்க. ஷூவ போட்டுக்கிட்டே ஏறுங்க, பேக்ல செருப்பு மட்டும் போதும். ஒரு பட்டு எடுங்க, இன்னொன்னு அங்கயே வாங்கலாம் லா, கல்யாண வீட்ல தராமயா விடுவாங்க!

பதில் 2: சம்பலும் தண்ணிக் கணக்குதான், 100 மில்லிக்கு மேல டப்பானா செக்கிங்ல எடுத்துருவாங்க, அம்மா கைப்பக்குவம் குப்பைக்குப் போறத பாக்க மனசு தாங்காது. பவர்பேங்க் கையிலதான் வெச்சுக்கணும்.

கேட்டவங்க: நன்றிக்கா, நன்றிண்ணே. சம்பல வீட்லயே வெச்சுட்டுப் போறேன்.