சித்தம்பூண்டி கல்லில் இரிடியம் அளந்து நிலாப் பாறைக்குப் பழகலாமா?

பரமத்தி மாணவி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுங்க. நிலாப் பாறையில் பழைய விண்கல் மோதலை இரிடியம்ங்கிற அரிய உலோகத்தை வச்சுக் கண்டுபிடிக்கிற முறையை, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கிற அனார்தோசைட்டில் (நிலா மேட்டுப் பாறை மாதிரியான வெளிர் கல்) செஞ்சு பார்க்கலாம்னு இருக்கேன். ஜா கிரஷரில் (தாடை மாதிரி கல் உடைக்கிற இயந்திரம்) உடைச்சு, 1 கிராமை அமிலத்தில் கரைச்சு ஐசிபி-எம்எஸ்ஸில் (தனிமங்களை அணு எடை வாரியா அளக்கிற கருவி) விட்டா போதுமுங்களா?

ஈரோடு நிலவியல்:
நல்ல கல்லுங்க. சந்திரயான்-2 சோதனைக்கு நிலா மண் மாதிரி செய்ய இஸ்ரோ எடுத்ததும் அந்தப் பக்கத்துக் கல்தான். ஆனா 1 கிராம் பத்தாது.

நிலாவின் மூலப் பாறையில் இரிடியம் 0.1 பிபிபிக்கும் (நூறு கோடியில் ஒரு பங்குதான் 1 பிபிபி) கீழே. சிஐ வகை (சூரியனோட கலவைக்கு நெருக்கமான ஒரு ரகம்) விண்கல்லில் சுமார் 470. அதனால 1 சதவீதம் விண்கல் கலந்தாலே 4.7 பிபிபி ஏறிடும். அப்பல்லோ பாறைகளில் மோதலால் உருகியதை அடையாளம் காண்றது இப்படித்தான். தொல்லை என்னன்னா, இரிடியம் சீராப் பரவாம சின்னச் சின்ன உலோகத் துகள்ல ஒட்டிக்கிடக்கும். துகள் விழுந்தா எண் எகிறும், விழலைன்னா ஒண்ணுமே தெரியாது. 10 கிராம் வீதம் மூணு பங்கு எடுங்க.

அந்தக் கல்லில் வர்ற குரோமைட் (குரோமியம் கொண்ட கறுப்புத் தாது) அடுக்கைத் தொட்டுராதீங்க. அங்கே இரிடியம் உள்ளிட்ட பிளாட்டினம் வகைத் தனிமங்கள் பாறைக் குழம்பு வழியாவே சேர்ந்திருக்கு; விண்கல்லுக்குச் சம்பந்தமே இல்லை.

திருச்செங்கோடு லேப்:
ஜா கிரஷர் வேண்டாமுங்க. எஃகுத் தாடையிலிருந்து நிக்கலும் குரோமியமும் மாதிரியில கலந்துரும். தடிமனான பாலித்தீனில் சுத்தி, சுத்தியலால் தட்டி, அகேட் (கடினமான ஒரு குவார்ட்ஸ் கல்) உரலில் அரைங்க. அதுக்கு முன்னாடி சுத்தமான குவார்ட்ஸ் மணலை அரைச்சு உரலைக் கழுவோணும். பிளாட்டினம் மோதிரம் இருந்தா கழட்டிருங்க, நகைப் பிளாட்டினத்தில் இரிடியம் கலப்பாங்க.

நேரா அமிலத்தில் கரைச்சா குரோமைட் மாதிரி மணிகள் கரையாம நிக்கும். நிக்கல் சல்பைடோட சேர்த்து உருக்குற முறைதான் சரி: பொடியோட சோடியம் கார்பனேட், போராக்ஸ், 1 கிராம் நிக்கல், அரை கிராம் கந்தகம் கலந்து 1000 டிகிரிக்கு மேல உருக்குங்க. அடியில் தங்குற நிக்கல் சல்பைடு உருண்டையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைச்சா இரிடியம் கரையாம மிஞ்சும். ஹைட்ரஜன் சல்பைடுங்கிற நச்சு வாயு வரும், ஃபியூம் ஹூட் (புகையை வெளியே இழுக்கிற பெட்டி) கட்டாயம். கடையில் வாங்குற நிக்கல் பொடியிலேயே இரிடியம் இருக்கும். கல் போடாம ஒரு தடவை உருக்கி, அதுல வர்ற இரிடியத்தைக் கழிக்கலைன்னா அத்தனையும் வீண். ஐசிபியில் இரிடியத்தை அளக்கிற நிறை எண்கள் 191, 193; லுட்டீசியம் ஆக்சைடு 191லயும் ஹாஃப்னியம் ஆக்சைடு 193லயும் வந்து உட்காரும், திருத்தம் போடுங்க.

பரமத்தி மாணவி:
நிலாப் பாறை 10 கிராம் கிடைக்காதே, அங்கே எப்படிங்க?

ஈரோடு நிலவியல்:
அளவு தெரிஞ்ச ஐசோடோப்பை (அதே தனிமத்தோட வேற எடை அணு) சேர்த்து, கண்ணாடிக் குழாயில் அமிலத்தோட மூடிச் சூடாக்குவாங்க. சுலபமா ஆவியாகுற ஆஸ்மியமும் (இன்னொரு பிளாட்டினம் வகைத் தனிமம்) வெளியே போகாது. ஒரே பாறையின் பல துண்டுகளில் ருத்தேனியத்தை (இதுவும் பிளாட்டினம் வகைதான்) இரிடியத்துக்கு எதிரே வரைபடமாப் போடுறாங்க. கோட்டின் சாய்வு மோதின விண்கல்லோட ருத்தேனியம்-இரிடியம் விகிதம், கோடு அச்சை வெட்டுற புள்ளி பாறையோட சொந்த அளவு. சிஐ சாய்வு கிட்டத்தட்ட 1.5. அப்பல்லோ 17 உருகு பாறைகள் சிலதில் இதைவிடக் கூடுதல். அங்கே மோதினது சிஐ வகை இல்லை. உங்க கல்லுக்கும் இதே வரைபடம் போடுங்க, ஒத்த எண்ணை நம்பாதீங்க.