ஐயக்காட்சி: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கோடியக்கரை உப்பளத்தில் அக்கா பார்த்த அந்த உள்ளானை (நீரோரச் சேற்றில் இரை தேடும் சிறு பறவை) எப்படிப் பதிவது என்று தொடங்கிய பேச்சு, 'அன்கன்ஃபர்ம்டு ரெக்கார்ட்', அதாவது இன்ன பறவைதான் என்று உறுதியாகாத பதிவு, என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதில் வந்து நிற்கிறது. வந்த யோசனைகளுக்கு என் பதில் கீழே.

> 'சந்தேகப் பதிவு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் அந்தச் சொல் பார்த்தவர் மேல் போய் விழுகிறது. காவல் நிலைய வாடை அடிக்கிறது. இப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும் என்றால், புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் எழுதவே தயங்குவார்கள்.

> 'உறுதியாகாத பதிவு'?

நல்ல சொல்தான். ஆனால் இரண்டு வேறு நிலைமைகளை ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறது.

அக்காவின் குறிப்பையே எடுத்துக்கொள்வோம். கொசு உள்ளான் கூட்டத்தில் ஒன்றுக்கு மட்டும் அலகு நுனி அகன்று தெரிந்தது. அது கரண்டிமூக்கு உள்ளானாக இருந்தால் பெரிய செய்தி. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் சுகோட்கா பக்கம் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் வங்கதேசம், மியான்மர், தாய்லாந்துக் கரைகளுக்கு வருகிற பறவை அது. உலகில் எஞ்சியிருப்பதே சில நூறுதான். கோடியக்கரையிலும் 1980களில் பதிவாகியிருக்கிறது. ஆகவே வாய்ப்பே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அதே சமயம், கொசு உள்ளானின் அலகு நுனியில் கொஞ்சம் சேறு ஒட்டினாலே தொலைவிலிருந்து கரண்டி போலத்தான் தெரியும். உண்மையான கரண்டியோ பறவை நம்மை நேராகப் பார்த்துத் திரும்பும்போதுதான் தெளிவாகத் தெரியும். பக்கவாட்டில் வெறும் தடித்த அலகுதான். அக்கா பார்த்தது பக்கவாட்டில், அதுவும் வெயில் ஏறி, பாத்திகளில் கானல் ஆடத் தொடங்கிய பிறகு. தலையைத் தாழ்த்தி, அலகை இருபுறமும் அசைத்தபடி நடந்தது என்றும் எழுதியிருக்கிறார். கரண்டிமூக்கு இரை தேடுவது அப்படித்தான். ஆனால் சில நொடிகள்தான், கூட்டம் எழும்பிவிட்டது.

இங்கே ஐயம் பார்த்தவருக்கே இருக்கிறது. இன்னொருவர் கரண்டியை நேருக்கு நேர் பார்த்திருக்கலாம். அவருக்கு ஐயமே இல்லை. படம் இல்லை, உடன் யாரும் இல்லை. பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் சரிபார்ப்பவர் ஆதாரம் போதாது என்று அதைப் பொதுப் பார்வைக்கு விடாமல் நிறுத்திவைப்பார். அங்கே குறை சான்றில்தான். இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், பின்னால் தரவைப் படிப்பவருக்கு எது எது என்று தெரியாது.

முதலாவதற்கு 'ஐயக்காட்சி' என்பதை முன்மொழிகிறேன். அகப்பொருள் இலக்கணத்தில் காட்சி, ஐயம், துணிவு என்று வரிசையாகத் துறைகள் வருகின்றன. கண்டவன் முதலில் காண்கிறான், எதிரே நிற்பவள் தெய்வமோ பெண்ணோ என்று ஐயுறுகிறான், பிறகு அடையாளங்களை வைத்துத் துணிகிறான், அதாவது இன்னாரென்று முடிவுக்கு வருகிறான். களத்தில் நாம் செய்வதும் இதே மூன்றும்தான். ஐயப்படுவதை அங்கே யாரும் குறையாகச் சொல்வதில்லை. அது ஒரு படி. அந்த மதிப்பு இந்தச் சொல்லோடு சேர்ந்து வரவேண்டும் என்பதுதான் என் ஆசை.

> அப்படியானால் மற்றதற்கு 'துணியாப் பதிவு' என்று சொல்லலாமா?

வரிசைக்குப் பொருந்துகிறது. ஆனால் துணிவு என்றால் இன்று தைரியம்தான். எழுதப் பயந்த பதிவு என்று படித்துவிடுவார்கள். 'சான்று போதாப் பதிவு' என்று நேராகவே வைப்போம். கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

எழுதிப் பார்த்தேன்: "கோடியக்கரை, கரண்டிமூக்கு உள்ளான், ஐயக்காட்சி, பக்கவாட்டில் மட்டும், கானல், படம் இல்லை." உறுத்தவில்லை. அக்கா இப்படியே பதிந்துவிடலாம், விவரம் ஒன்றையும் விடாமல். அடுத்து அங்கே போகிறவர்கள் காலையிலேயே போய், காலில் ஆய்வாளர்கள் மாட்டும் அடையாளக் கொடி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று பாக்கி. இரண்டில் ஏதோ ஒன்று என்று சாய்கோடு போட்டு இரண்டு பெயரையும் எழுதுகிறோமே, அதற்கு 'இருபெயர்ப் பதிவு' சரிவருமா? அறிவியல் பெயரும் இருசொல் பெயர் என்பதால் குழம்புமோ என்று தோன்றுகிறது. தாவரவியல் நண்பர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.