பிரைட்டன் முதல் பிளாக் ராக் வரை நாயோடு காபி: பட்டியலை நம்பலாமா, கூடாதா?
(ஒரு குழுவில் ஐந்து பேர் புனைபெயரில் பேசிக்கொண்டது)

கரையோரம்:
மெல்பர்னின் தென்கிழக்குக் கரையில் பிரைட்டன், ஹாம்ப்டன், சாண்ட்ரிங்ஹாம், பிளாக் ராக், போமாரிஸ் என்று போகும் வரிசையில் நாயோடு உட்காரக்கூடிய கஃபே எது என்று இந்தக் குழுவில் அடிக்கடி கேள்வி வருகிறது. உடனே யாராவது ஒரு பட்டியலைத் தூக்கிப் போடுவார்கள். இல்லாவிட்டால் "வாசலில் தண்ணீர்க் கிண்ணம் இருந்தால் போதும், தைரியமாகப் போங்கள்" என்பார்கள். இரண்டையும் மறுக்கிறேன். கிண்ணத்தைப் பார்க்காதீர்கள். கூரையையும் சுவரையும் வழியையும் பாருங்கள்.

ஆஸ்திரேலிய உணவுத் தரவிதி 3.2.2, பிரிவு 24 இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாடிக்கையாளர் சாப்பிடும் இடத்தில் வழிகாட்டி நாய் போன்ற உதவி நாயை அனுமதித்தே ஆக வேண்டும். மற்ற நாய்களைக் கடைக்காரர் விரும்பினால் வெளிப்புற உணவிடத்தில் மட்டும் அனுமதிக்கலாம். வெளிப்புறம் என்றால் என்ன? அங்கே சமையல் வேலை நடக்கக் கூடாது. கூரையும் சுவர்களுமாகப் பெரும்பாலும் அடைபட்ட இடமாக இருக்கக் கூடாது. அடைபட்ட எந்தப் பகுதிக்குள்ளும் நுழையாமல் அங்கே வந்து சேர முடிய வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் பட்டியல்கள் கவிழ்கின்றன. "அழகான பின்கட்டு முற்றம், நாய்களுக்கு நல்வரவு" என்று எழுதியிருக்கும். முற்றத்துக்குப் போகும் ஒரே வழி கடையின் உள்ளே, கவுன்டரை ஒட்டி. அப்படியானால் வானம் தெரிந்தாலும் அந்த முற்றத்தில் நாய்க்கு இடமில்லை. பக்கச் சந்திலிருந்து தனிக் கதவு இருந்தால் உண்டு. ஆகவே போன் செய்யும்போது "நாய் கொண்டு வரலாமா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "தெருவிலிருந்து நேரே முற்றத்துக்கு வர முடியுமா?" என்று கேளுங்கள்.

பொடிநடை:
சட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாரும் காபி குடிக்கப் போவதில்லை. பட்டியலைக் குறை சொல்வது எளிது, ஆனால் புதிதாகக் குடிவந்தவருக்கு அதை விட்டால் வேறு தொடக்கம் ஏது? படிக்கத் தெரிந்தால் பட்டியல் போதும். மதிப்புரைகளைப் புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்துங்கள். ஆறு மாதத்துக்கு முந்தையதைத் தள்ளுங்கள். கஃபேக்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, புது முதலாளிக்குப் புது வழக்கம். பிறகு எழுத்தை விட்டுவிட்டுப் படங்களைப் பாருங்கள். நாய் எந்த மேசையடியில் படுத்திருக்கிறது, நிழல் எப்பக்கம் விழுகிறது, தரை கல்லா மரப்பலகையா எல்லாம் தெரியும். தண்ணீர்க் கிண்ணம் வைக்கிற கடை விருப்பத்தோடுதான் வைக்கிறது. அது சின்ன விஷயமில்லை.

கரையோரம்:
படங்களைப் பார்க்கச் சொன்னது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த மாதத்துப் படம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஜனவரியில் கூரை மட்டும் போட்ட திறந்த திண்ணை, ஜூலையில் கடற்காற்றுக்குப் பயந்து மூன்று பக்கமும் பிளாஸ்டிக் திரை இறக்கிய கூடாரம் ஆகிவிடும். விதியில் "நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ" அடைத்த இடம் என்று இருக்கிறது. சுருட்டி ஏற்றும் திரைகளையும் கணக்கில் எடுத்தால் அதே மேசை கோடையில் வெளிப்புறம், குளிர்காலத்தில் உட்புறம். குளிர்காலத்தில் கேட்க வேண்டிய கேள்வி: "திரையை இறக்கிய பிறகும் நாய்க்கு இடம் உண்டா?" தெரிந்து நடத்துகிற கடை ஒரு பக்கத்தையாவது திறந்தே வைத்திருக்கும், அல்லது திரைக்கு வெளியே இரண்டு மேசை போட்டிருக்கும்.

அடுப்படி:
ரெண்டு பேரும் வாடிக்கையாளர் பக்கம் நிண்டு கதைக்கிறியள். கடைக்குள்ள இருந்து பாத்தா வேற மாதிரித் தெரியும்.

முதல் விசயம், விதி "அனுமதிக்கலாம்" எண்டுதான் சொல்லுது, "அனுமதிக்க வேணும்" எண்டு சொல்லேல்லை. நாய் வேண்டாம் எண்டு பலகை போட்ட கடைக்காரரை மதிப்புரையில போட்டுத் தாக்கிறது நியாயமில்லை. நாலு மேசைதான் வெளியில எண்டால் அவருக்கு வேற வழி இல்லை.

ரெண்டாவது, பட்டியல் ஒண்டும் சொல்லாத விசயம்: ஓடர் குடுக்கிறது எப்பிடி? கவுன்டருக்கு வந்துதான் ஓடர் எண்டால், தனியா வாற ஆள் நாயை என்ன செய்யிறது? உள்ள கொண்டு வர ஏலாது. வெளியில கதிரையில கட்டிப்போட்டு வந்தால், நாய் ஒரு இழுவை இழுக்க அலுமினியக் கதிரை சத்தத்தோட பின்னால வரும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து நாய் இன்னும் ஓடும். இந்த விபத்து நடக்கிறது இப்பிடித்தான். தெருவைப் பாத்த கோப்பி யன்னல் உள்ள கடை, மேசைக்கு வந்து ஓடர் எடுக்கிற கடை, மேசையில ஒட்டின சதுரக் குறியை போனில பிடிச்சு ஓடர் குடுக்கிற கடை, இந்த மூண்டில ஒண்டைத் தேடுங்கோ. இல்லாட்டி ரெண்டு பேராப் போங்கோ.

மூண்டாவது, சனி ஞாயிறு ஒன்பதரையில இருந்து பன்னிரண்டு வரைக்கும் தட்டுத் தூக்கிற பெடியளை நாயைத் தடவச் சொல்லாதேங்கோ. தடவினால் கையைக் கழுவிப்போட்டுத்தான் அடுத்த தட்டைத் தொட வேணும். அந்த நேரத்தில அது பெரிய வேலை.

நடைபாதை:
எல்லாரும் நாய்க்கு இடம் தேடுகிறீர்கள். நடக்கிறவருக்கு இடம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

மெல்பர்ன் கடைத்தெருக்களில் வழக்கமான ஏற்பாடு இது: கட்டடச் சுவரை ஒட்டி நடக்கிற பாதை, அதற்கு அப்பால் மேசைகள், அதற்கும் அப்பால் சாலையோரக் கல்லை ஒட்டி ஒரு சின்ன இடைவெளி. நடக்கிற பாதைக்குப் பொதுவாக 1.5 முதல் 1.8 மீட்டர் விட வேண்டும் என்று கவுன்சில் பெர்மிட்டில் இருக்கும். சுவரை ஒட்டி விடுவதற்குக் காரணம், வெள்ளைக் கோலோடு வருபவர் சுவரைத் தடவியே வழி அறிகிறார். அந்தப் பாதையில் 1.8 மீட்டர் கயிறு குறுக்கே கிடந்தால் முழு வழியும் அடைபடுகிறது. சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, நாயென்றாலே உடம்பு நடுங்குகிற பெரியவர்கள், இவர்கள் எல்லாரும் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். நம் ஊர்களில் தெருநாய்க்கு அஞ்சி வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் நிஜமானது. "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்வதால் அது போய்விடாது.

ஹாம்ப்டன் தெரு, பிரைட்டன் சர்ச் தெரு போன்ற நெரிசலான இடங்களில் வார இறுதிக் காலைகளில் நாயே வேண்டாம் என்பது என் நிலை. காபியைக் கையில் வாங்கிக்கொண்டு பூங்காவுக்குப் போகலாம். இந்தப் பகுதியில் மரநிழலுக்கும் பூங்காவுக்கும் பஞ்சமில்லை.

வால்:
நடைபாதை சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் தடையால் தீர்கிற விஷயமில்லை இது, கயிற்றின் நீளத்தால் தீர்கிறது. கஃபேக்கு 1.2 மீட்டர் கயிறு போதும். பொத்தானை அழுத்தினால் நீளுகிற சுருள் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பூட்டு நழுவினால் நாய் நாலைந்து மீட்டர் பாய்ந்துவிடும், மெல்லிய நாடா யார் காலையாவது அறுக்கும். கயிற்றை மேசையிலும் கட்டாதீர்கள், நாற்காலியிலும் கட்டாதீர்கள். கைப்பிடியை உங்கள் தொடைக்கடியில் போட்டு உட்காருங்கள், உங்கள் எடையே நங்கூரம்.

நாய் படுக்க வேண்டியது மேசைக்கு அடியில். சாலையோரப் பக்கம் விட்டால் காரிலிருந்து இறங்குபவர் கதவைத் திறக்கும்போது இடிபடும். இங்கேதான் நாயின் அளவு கணக்காகிறது. சின்ன வட்ட மேசையடியில் உட்கார்ந்திருக்கும் இருவரின் கால்களோடு கவூடில் என்கிற சின்னக் கலப்பின நாய் அடங்கும், ஒரு லாப்ரடார் அடங்காது. பெரிய நாய் வைத்திருப்பவர்கள் தெருமுனைக் கடையாகத் தேடுங்கள். பக்கத்தெரு நடைபாதையில் கூட்டம் குறைவு, முனை மேசையில் ஒரு பக்கம்தான் ஆள் நடமாட்டம்.

நாயும் தயாராக இருக்க வேண்டும். ஒரு பாயை வீட்டில் விரித்து அதில் படுக்கப் பழக்குங்கள். முதலில் 2 நிமிடம், பிறகு 5, பிறகு 20. வீட்டில் 20 நிமிடம் படுக்காத நாய் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே படுக்காது. தெருவில் அந்தப் பாயையே விரித்தால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று புரிந்துவிடும்.

பொடிநடை பாராட்டுகிற தண்ணீர்க் கிண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனையோ நாய்கள் நக்கிய கிண்ணம் அது. நாய்களுக்குள் பரவும் வறட்டிருமல் அதன் வழியாகவும் வரும். இங்கே சி5 என்று சொல்லும் தடுப்பூசி போட்டிருந்தால் ஆபத்து குறைகிறது, அற்றுப்போவதில்லை. தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியை அந்தக் கிண்ணத்தின் அருகேகூட விடாதீர்கள், பார்வோ கொல்லும் நோய். மடக்குக் கிண்ணம் ஒன்று பையில் இருந்தால் பிரச்சினையே இல்லை.

பொடிநடை:
கிண்ணத்தில் தோற்றேன், சரி. ஆனால் நாய் அமைதியாகப் படுக்க எளிய வழி பாய் இல்லை, களைப்பு. முதலில் பிரைட்டன் சாண்டவுன் தெரு நாய்க் கடற்கரையில் கயிறு இல்லாமல் ஓடவிட்டு, அப்படியே கஃபேக்கு வந்தால் மேசையடியில் தூங்கிவிடும். கோடைப் பகலில் வேறு பல கடற்கரைப் பகுதிகளில் நாய்க்குத் தடை உண்டு, வாசல் பலகையைப் படித்துவிட்டுப் போங்கள்.

வால்:
வரிசையைத் தலைகீழாக்குங்கள். கடலில் ஓடிய நாய் தாகத்தில் உப்புநீர் குடிக்கும், பந்தைக் கவ்வும்போதும் விழுங்கும். சற்று நேரத்தில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், நீங்கள் அப்போது அடுத்தவர் தட்டுக்கு அருகே உட்கார்ந்திருப்பீர்கள். ஈர நாய் உதறும், மணல் பறக்கும். இந்த வளைகுடாக் கரையில் ஒதுங்கும் பேத்தை மீனை வாயில் வைத்திருந்தால் கதை இன்னும் மோசம், அது நரம்பைத் தாக்கும் நச்சு. அரைமணி உலர் நடை, பிறகு காபி, பிறகு கடல். கடல்தான் முதலில் என்றால் குழாயில் கழுவி, நல்ல தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரமாவது விட்டுக் கடைக்கு வாருங்கள்.

அடுப்படி:
சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. நாய்க்கெண்டு ஒரு சின்னக் கப்பில பால்நுரை தாங்கோ எண்டு கேக்கினம். அதையே சின்னப் பிள்ளையளுக்கும் குடுக்கிறதால, பழக்கத்தில மேல சொக்லேட் தூள் தூவிப்போடுவினம். "தூள் வேண்டாம்" எண்டு ஓடர் குடுக்கேக்கையே சொல்லுங்கோ. பால் ஒத்துக்கொள்ளாத நாய் கனக்க, அதுக்கு நுரையும் வேண்டாம். உலர்திராட்சைப் பாண் துண்டு, வெங்காயம் போட்ட முட்டை, மக்கடேமியா பிஸ்கட், இதுகள் மேசையில இருந்து விழுந்தால் நாய்க்கு நஞ்சு. உங்கட தட்டில நாயை நக்க விடாதேங்கோ, அடுத்த மேசைக்காரர் அதைப் பாத்தால் திரும்பி வரமாட்டார்.

நடைபாதை:
கயிறு 1.2 மீட்டர், மேசைக்கடியில் பாய், முனை மேசை. இது எல்லாரும் செய்தால் எனக்குப் பாதி எதிர்ப்பு போய்விடும். ஆனால் செய்யாதவருக்கு என்ன? கடைக்காரர் வாய் திறப்பதில்லை.

கரையோரம்:
திறக்கிற கடையைத்தான் நல்ல கடை என்கிறேன். "மன்னிக்கவும், நாயை மேசையடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லத் தயங்காத இடத்துக்கே மற்றவர்களும் நிம்மதியாக வருவார்கள். பட்டியல் போடுவதென்றால் இதைப் போடுங்கள்: தெருவிலிருந்து நேர்வழி, குளிர்காலத் திரை, ஓடர் கொடுக்கும் முறை, நடைபாதை அகலம், காலை பத்து மணிக்கு நிழல் விழும் பக்கம். கடைப் பெயருக்கு நேரே இந்த ஐந்தும் இருந்தால் நானும் பட்டியலை நம்புகிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை நடைபாதையோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வார நாட்களில் காலை எட்டுக்கு முன்பு, அல்லது மதியம் இரண்டுக்குப் பிறகு. பல கடைகளில் மூன்று மணியை நெருங்கும்போது சமையலறை மூடிவிடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வார இறுதிக் காலையில் பீச் ரோடு முழுக்க சைக்கிள்காரர்கள். பிளாக் ராக் பக்கம் கஃபே வாசலில் சாய்த்து வைத்த சைக்கிள்களுக்கு நடுவே நாயை உட்கார வைப்பது இருவருக்கும் தொல்லை.

பொடிநடை:
ரயிலில் வருகிறவர்களுக்கு: சாண்ட்ரிங்ஹாம் தடத்தில் வடக்கு பிரைட்டன் இறங்கினால் பே தெரு, நடு பிரைட்டன் இறங்கினால் சர்ச் தெரு. பெருநகர ரயிலில் நாய்க்குக் கயிறும் வாய்மூடியும் கட்டாயம், பெட்டியில் அடங்கும் சின்ன நாய்க்கு வேண்டாம். டிராமிலும் பேருந்திலும் பெட்டியில் அடங்குவது மட்டும்தான்.

வால்:
வாய்மூடியையும் முன்கூட்டியே வீட்டில் பழக்குங்கள், மூச்சிரைக்க வாய் திறக்க இடம் உள்ள கூடை வகையாக வாங்குங்கள். கோடையில் நிலையத்திலிருந்து நடப்பதற்கு முன் புறங்கையைத் தார்மேல் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் பொறுக்காது. பக், பிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை அப்படிப்பட்ட நாளில் வீட்டிலேயே விட்டு வாருங்கள்.

நடைபாதை:
கரையோரம் சொன்ன ஐந்தில் நடைபாதை அகலத்தை முதலில் போடுங்கள். சாண்ட்ரிங்ஹாம் நிலையத்தைச் சுற்றிய தெருக்களுக்கு அளவை நான் டேப் பிடித்து எடுத்துத் தருகிறேன். ஹாம்ப்டன் தெருவின் ஞாயிறு காலை பற்றி என் நிலை மாறவில்லை.